நடிக்கவே இல்லை என்றார்கள்

கேரளத்தின் தெற்கெல்லையில் உள்ள பாறசாலையில், ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் இருக்கும் லேப்பில் விமலகுமாரி வேலைக்குச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவளிடம் கையை நீட்டி ரத்தம் கொடுக்காத குடும்பம் குறைவு. ஊசி ஏறியதே தெரியாது என்று எல்லோரும் சொல்வார்கள். அவள் சிரித்து யாரும் கண்டதில்லை என்பதையும் கூடவே சொல்வார்கள். கோபக்காரி அல்ல, பேச்சு குறைவு, அவ்வளவுதான். கையை மடக்குங்க, பஞ்சை அமுக்கிப் பிடிங்க, சாயங்காலம் ரிசல்ட் கிடைக்கும். ஒரு நாளைக்கு அவள் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் இந்த மூன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சபையிலும் பாட்டுப் புத்தகத்தை விரித்துவைத்து உதட்டை மட்டும் அசைப்பாள்.

இப்படிப்பட்டவள் நாற்பத்துநாலு வயதில் ஒரு சினிமாவுக்குக் கதாநாயகி ஆனாள். அதுவும் காதல் படம், சிரிப்புப் படம்.

படத்தை எடுத்தவன் தனுவச்சபுரத்துக்காரன் அஜேஷ். கொச்சியில் பல வருஷம் உதவி இயக்குநராக அலைந்துவிட்டு, சொந்தமாக ஒரு கதையோடு ஊருக்கு வந்திருந்தான். கதை ரொம்பச் சின்னது. டெய்சி என்று ஒருத்தி, வாய் ஓயாமல் பேசுகிற டிரைவிங் ஸ்கூல் டீச்சர். மாற்றலாகி வந்த பேங்க் மேனேஜர் ஒருவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஸ்டியரிங்கைத் தொட்டாலே வேர்த்துக் கொட்டுகிறவர், அவளிடம் வண்டி படிக்க வருகிறார். படத்துக்கு 'கிளச்சு மெல்லெ விடு' என்று பெயர். மேனேஜராக நடிக்கக் கொல்லத்து நாடக நடிகர் ஜினு கிடைத்துவிட்டார். டெய்சிக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. மலையாளத்தில் தொடங்கித் தமிழில் இறங்கித் திரும்ப மலையாளத்தில் ஏறுகிற இந்தப் பக்கத்துப் பேச்சு, வெளியூர் நடிகைகள் யாருடைய நாக்கிலும் நிற்கவில்லை. நாற்பது தாண்டிய, இந்த ஊர்ப் பேச்சு பேசுகிற பெண்கள் ஒரு வீடியோ எடுத்து அனுப்பலாம் என்று அஜேஷ் வாட்ஸாப்பில் அறிவிப்பு விட்டான்.

லேப்பில் அந்த அறிவிப்பை ஒருத்திக்கு ஒருத்தி அனுப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் விமலகுமாரி பஞ்சு டப்பாவில் போனைச் சாய்த்துவைத்து, ஊசியைக் கண்டால் மனிதர்கள் என்னென்ன ஆவார்கள் என்று மூன்று விதமாகச் செய்து காட்டி அனுப்பிவிட்டாள். வீரம் பேசிக்கொண்டே முகத்தைத் திருப்புகிறவர் ஒன்று. ஊசி போட வந்தவளையே சமாதானப்படுத்துகிற பெண் ஒன்று. பேரப்பிள்ளை முன்னால் அழக் கூடாதென்று பாட்டை முணுமுணுக்கிற கிழவர் ஒன்று.

ஏன் அனுப்பினாய் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். சும்மாதான் என்பாள். உண்மையான பதில் அவளுக்குத் தெரியும். சொன்னால் கர்வம் என்பார்கள் என்று சொல்லாமல் வைத்திருந்தாள். தன்னால் முடியும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அஜேஷ் நேரில் வந்து கேட்ட பிறகுதான் வீட்டில் விஷயம் தெரிந்தது. அவள் கணவர் விஜயதாஸ் கோட்டுகால் பக்கத்தில் ஒரு ஓட்டலில் எலக்ட்ரீஷியன். அவர் சாயாவைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தார்.

"கெட்டிப் பிடிக்கிற சீன் உண்டா?" என்று கடைசியில் கேட்டார். அவரை யாரும் குறை சொல்ல முடியாது, சபையில் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே.

"கையப் பிடிச்சு கியர் மாத்தச் சொல்லிக் குடுக்கணும். அவ்வளவுதான்."

"அது டிரைவிங் ஸ்கூல்ல உள்ளதுதானே," என்றார் விஜயதாஸ். "அப்பம் போ."

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. விமலகுமாரிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூடத் தெரியாது. அஜேஷ் அவளைச் சத்தியபாயிடம் அனுப்பினான்.

சத்தியபாயைத் தெரியாதவர் பாறசாலையில் இல்லை. ஐம்பத்தைந்து வயது, கணவர் இறந்து நாளாகிவிட்டது, ஒரே மகன் சானு இங்கிலாந்தில். பெண்களுக்கு மட்டும் வண்டி கற்றுக்கொடுக்கிறாள். எல் போர்டு தொங்குகிற அவள் சிவப்பு மாருதி வளைவில் வரும்போதே ஆட்டோக்காரர்கள் ஒதுங்கிக் கொடுப்பார்கள். அவள் சிரித்தால் மைதானத்தில் பந்து விளையாடுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். தப்புச் செய்தால் திட்ட மாட்டாள். டேஷ்போர்டில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டி, "வண்டிக்கு நொந்துபோச்சு மக்கா" என்பாள்.

மூன்று மாதம் விமலகுமாரி வேலைக்குப் போகும் முன் அந்த மைதானத்துக்குப் போனாள். வண்டியைப் படித்தாள். கூடவே சத்தியபாயையும் படித்தாள். உட்காரும்போது சேலையை எப்படி ஒதுக்குகிறாள், பயந்த பெண்ணிடம் பேசும்போது குரலை எந்த இடத்தில் இறக்குகிறாள், சிரிப்பு வயிற்றிலிருந்து வருகிறதா தொண்டையிலிருந்தா. வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சிரிப்பைச் சிரித்துப் பார்ப்பாள். ஒரு நாள் மகள் லிஷா கதவைத் தட்டி, அம்மா ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். இன்னும் சரியாக வரவில்லை என்று விமலகுமாரிக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த மூன்று மாதத்தில் ஒரு மத்தியானம். லேப்பில் விடுமுறை, அதனால் நேரம் கழித்துப் போயிருந்தாள். மைதானத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, சத்தியபாய் பக்கத்து இருக்கையில் டிபன் பாத்திரத்தைத் திறந்துவைத்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங் முன்னால் விமலகுமாரி. சானு போன் செய்தான். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தாள், கையில் கறி. அங்கே கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டேன் அம்மா, இந்தக் கிறிஸ்துமஸுக்கும் வர முடியாது, பிறகு ஒரு நாள் இருவருமாக வருகிறோம் என்றான். சத்தியபாய் மெல்லுவதை நிறுத்தினாள். வாயில் கிழங்கு அப்படியே இருந்தது, முகமும் அசையவில்லை. பிறகு, "சந்தோஷம் மக்களே, அவளுக்க பேரென்ன?" என்று கேட்டாள். பேரைக் கேட்டுக்கொண்டாள். போன் நின்றது. திரும்பவும் மெல்லத் தொடங்கினாள், கொஞ்சம் மெதுவாக. விழுங்கிவிட்டு, "இருந்தது போதும், வண்டிய எடு," என்றாள். விமலகுமாரி ரோட்டைப் பார்த்தபடி வண்டியை எடுத்தாள். இருவரும் அதைப்பற்றிப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

படத்தில் ஒரு காட்சி உண்டு. டெய்சி நிறுத்திவைத்த வண்டியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். மேனேஜர் போன் செய்து, தனக்குப் பாலக்காட்டுக்கு மாற்றல் வந்துவிட்டது என்கிறார். நல்லது சாறே என்று சிரித்துச் சொல்லிவிட்டு, போனை வைத்ததும் டெய்சி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழ வேண்டும். அஜேஷ் எழுதியிருந்தது அதுதான். படப்பிடிப்பன்று விமலகுமாரி அவனைத் தனியாகக் கூப்பிட்டு, அழாமல் ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் கேமராக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அழுகிற மாதிரி இன்னொன்று எடுக்க வேண்டியதில்லை என்று அஜேஷ் சொல்லிவிட்டான்.

ஓணம் முடிந்து பெரிய படங்கள் ஓய்ந்த பிறகு 'கிளச்சு மெல்லெ விடு' வெளியானது. தெற்கே கொஞ்சம் தியேட்டர், கொச்சியில் ஒன்றிரண்டு. நெய்யாற்றின்கரையில் முதல் காட்சிக்கு விமலகுமாரி கணவரோடும் மகளோடும் போனாள். கியர் மாற்றச் சொல்லிக்கொடுக்கிற இடம் வந்தபோது விஜயதாஸ் தொண்டையைச் செருமினார். டெய்சி முதல்முறை சிரித்ததும் தியேட்டர் முழுக்கக் கூடச் சிரித்தது. அவர் இருட்டில் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். யாரோ பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிற பார்வை.

அன்று சாயங்காலத்திலிருந்து விமர்சனங்கள் வரத் தொடங்கின. லிஷாதான் போனில் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வாசித்தாள். படத்தைப்பற்றி ஒரே அபிப்பிராயம் இல்லை. இரண்டாம் பாதி இழுக்கிறது என்றார்கள். மேனேஜருடைய அம்மா கதை வேண்டாத சுமை என்றார்கள். கடைசியில் வருகிற டிரைவிங் டெஸ்ட் ஒரு டெஸ்டுக்குரிய நேரத்தைவிட நீளம் என்று ஒருவர் எழுதினார். நெய்யாற்றின்கரைக்கு வடக்கே பிறந்தவர்களுக்குச் சப்டைட்டில் வேண்டும் என்று யூடியூபில் ஒருவர் கேலி செய்தார். இந்த வயதில் காதலா, இந்த முகத்தை யார் காதலிப்பார்கள் என்று கேட்டவனும் உண்டு. அதை விஜயதாஸ் பார்த்துவிட்டார். மகளிடம் சொல்லி மறைக்கப் பார்த்தார். ஆனால் விமலகுமாரி ஏற்கெனவே கண்டிருந்தாள். அது அவளை அவ்வளவாகத் தொடவில்லை. ரத்தம் எடுக்கிறவளைப் பிடிக்காதவர்கள் சொல்கிற எதையும் கேட்டுப் பழகியவள்.

அவளைத் தொட்டது பாராட்டு. ஏனென்றால் படத்தைத் திட்டியவர்களும் டெய்சியைப் பாராட்டினார்கள், எல்லோரும் ஒரே மாதிரி பாராட்டினார்கள். நடிக்கவே இல்லை, வாழ்ந்திருக்கிறார். அவ்வளவு இயல்பு, கேமரா இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறார். இயக்குநர் ஒரு நிஜ டிரைவிங் டீச்சரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார், அதுதான் அவருடைய சாமர்த்தியம். ஒரு பத்திரிகை, எல்லையோரக் கிராமத்தின் கள்ளமில்லாத சிரிப்பு என்றே தலைப்புப் போட்டது.

முதல் இரண்டு மூன்று நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு லிஷா வாசிக்க வாசிக்க அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"எல்லாரும் நல்லதாட்டுதானே செல்லுதாவ?" என்று விஜயதாஸ் கேட்டார்.

"நான் நடிக்கல்லன்னா, பின்ன அங்க என்ன செய்தேன்?" என்றாள் விமலகுமாரி.

குழாய்ச் சத்தத்துக்குப் பின்னால் மாதக்கணக்காக அவள் சிரித்துப் பழகியதை அந்த வீட்டில் இருந்தவர்கள் மட்டும்தான் கேட்டிருந்தார்கள்.

லேப்பில் கதை வேறாக இருந்தது. ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், டெய்சி எப்போது வருவாள் என்று. வரவே மாட்டாள். கையை மடக்குங்க, பஞ்சை அமுக்கிப் பிடிங்க. பக்கத்து ஊர் அயிரையிலிருந்து வந்த ஒரு பெண் ஏமாற்றத்தோடு, "சினிமாவுல என்னா வர்த்தானம்! இஞ்ச வாயே தொறக்க மாட்டியளே. எங்ஙன அது?" என்று கேட்டாள். அன்று விமலகுமாரிக்கு அந்தக் கேள்வி எல்லா விமர்சனங்களையும்விட நன்றாக இருந்தது.

இரண்டாவது வாரம் ஆர்யா என்கிற விமர்சகர் எழுதியது வந்தது. கோழிக்கோட்டுக்காரி. இணையப் பத்திரிகை ஒன்றில் வாரம் ஒரு படத்தைப்பற்றி எழுதுவாள். யாரையும் விட்டுவைக்க மாட்டாள். நன்றாகத்தான் சாத்தியிருந்தாள். ஒவ்வொரு தமாஷையும் இயக்குநர் இரண்டு தடவை விளக்குகிறார், பின்னணி இசை நம் விலாவில் குத்திக்கொண்டே இருக்கிறது, ஜினுவைப்போல ஒரு நடிகருக்கு வேர்ப்பதைத் தவிர வேலை கொடுக்கவில்லை என்று வரிசையாகப் போனது. பிறகு ஒரு பத்தி. லிஷா காலையில் தோசைக்கு நடுவில் அதைச் சத்தமாக வாசித்தாள்.

"அழுவதற்கு எல்லா வசதியும் உள்ள இடம் அது. ஆள் இல்லை, வண்டிக் கண்ணாடி ஏற்றியிருக்கிறது, இசையும் தயாராக நிற்கிறது. விமலகுமாரி அழவில்லை. மெல்லுவதை நிறுத்துகிறார். திரும்ப மெல்லத் தொடங்கும்போது வாயில் இருப்பதற்கு ருசி போய்விட்டது என்று நமக்குத் தெரிகிறது, டெய்சிக்கு இன்னும் தெரியவில்லை. இவர் இயல்பாக இருக்கிறார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இயல்பாக இருப்பவர்கள் இதைச் செய்ய மாட்டார்கள், அழுதுவிடுவார்கள். இது தற்செயல் அல்ல. எதைக் காட்டுவது, எதை விடுவது என்று ஒரு நடிகை எடுத்த முடிவு. இந்த ஆண்டு நான் பார்த்த காதல் படங்களில் இதைவிடத் துல்லியமான ஒரு நிமிஷம் எனக்கு நினைவில்லை."

"அந்த எடம் திரும்ப வாசி," என்றாள் விமலகுமாரி.

லிஷா வாசித்தாள். தோசைக்கல்லில் கருகல் வாசனை வந்தது. யாரும் எழுந்து போகவில்லை. முகம் தெரியாத ஒருத்தி, எங்கேயோ கோழிக்கோட்டில் இருட்டில் உட்கார்ந்து, தன் வேலையைக் கண்டுவிட்டாள் என்ற நினைப்பிலேயே விமலகுமாரி இருந்தாள். அன்று லேப்புக்கு நடந்து போகும்போது அவள் பார்த்தவர்களிடமெல்லாம் தலையசைத்தாள். அது அவளுக்கு அதிகம்.

மத்தியானத்துக்குப் பிறகுதான் இன்னொரு நினைப்பு வந்தது. அந்த நிமிஷம் யாருடையது என்று. சத்தியபாய் இன்னும் படம் பார்க்கவில்லை. லைசென்ஸ் டெஸ்டுகள் இருந்ததால் முதல் வாரம் வர முடியவில்லை. இன்றைக்குத்தான் சபைப் பெண்களோடு வேன் பிடித்து மேட்னிக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். விமலகுமாரி கடிகாரத்தைப் பார்த்தாள். படம் பாதி தாண்டியிருக்கும்.

சத்தியபாயின் சிரிப்பை எடுத்ததும் டேஷ்போர்டில் தட்டுவதை எடுத்ததும் சத்தியபாய்க்கே தெரியும். அவளே எழுந்து நின்று சேலையை ஒதுக்கிக் காட்டியவள். ஆனால் இது அப்படியல்ல. இது அவள் கொடுத்தது அல்ல.

அன்று சத்தியபாய் கூப்பிடவில்லை. விமலகுமாரி கூப்பிட்டபோது எடுக்கவும் இல்லை. வேனில் போன பெண்கள் எல்லோரும் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். சத்தியக்கா தலைவலி என்று சீக்கிரம் இறங்கிவிட்டாள் என்று அவர்களில் ஒருத்தி சொன்னாள். அடுத்த ஞாயிறு சபையில் சத்தியபாய் வழக்கமான இருக்கையை விட்டுப் பின்னால் உட்கார்ந்து, ஆராதனை முடியும் முன்பே போய்விட்டாள். ஆர்யா எழுதியதை லிஷா பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தாள். விமலகுமாரி அதைப் பிய்த்து அலமாரிக்குள் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை லீவு சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போனாள்.

சத்தியபாய் ஒரு பெண்ணை ஸ்கூட்டரில் ஏற்றிவிட்டு, கூடவே ஓடிக்கொண்டிருந்தாள். விமலகுமாரியைக் கண்டாள், நிறுத்தவில்லை. அந்தப் பெண் தனியாக இரண்டு சுற்று போகிற வரை விட்டுவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு மாருதியின் நிழலுக்கு வந்தாள்.

"அந்தப் போன் சீன், எனக்க சானு விளிச்ச அன்னைக்கு உள்ளதாக்கும், இல்லியா?"

"ஆமாக்கா."

"எனக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேண்டாம்னு சொல்லிருப்பிய."

"சொல்லிருப்பேன்," என்றாள் சத்தியபாய். "பின்னயும் கேட்டிருக்கணும்."

தப்பு என்று விமலகுமாரி சொன்னாள். சத்தியபாய் அதைக் கையால் ஒதுக்கிவிட்டு ஸ்கூட்டர் போகும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளாகவே பேசினாள். சானுவுடைய கல்யாணத்தைப்பற்றி ஊரில் எல்லோரிடமும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாளாம். கேட்டவர்கள் எல்லோரும் உனக்கென்ன கவலை, மருமகள் வெள்ளைக்காரி என்று சிரித்தார்களாம். அவளும் சிரித்தாளாம். அந்த மத்தியானம் தன் முகம் எப்படி இருந்தது என்று அவளுக்கே தெரியாது.

"நீ ரோட்டப் பாத்தோண்டு இருந்தியே. நீ காணல்லன்னு நெனச்சேன்."

"கண்டேன்க்கா."

"தியேட்டர்ல எனக்கு முன்னால ஒருத்தி இருந்தா. யாருன்னே அறியாது. அந்த எடம் வந்தப்பம் கண்ணத் துடைச்சா." சத்தியபாய் மாருதியின் கதவில் சாய்ந்தாள். "எனக்காட்டு வேற யாரும் அழல்ல மக்கா. நான்கூட."

ஸ்கூட்டர்ப் பெண் பிரேக்கைப் பிடிக்க மறந்து வேலியோரம் போய்க்கொண்டிருந்தாள். சத்தியபாய் அங்கிருந்தே குரல் கொடுத்து நிறுத்தினாள். திரும்பி, "கோவம் உண்டு. இப்பமும் உண்டு," என்றாள். "ஆனா நீ செய்தது நல்லாட்டு இருக்கு. அதயும் செல்லாம இருக்க முடியாது." அதோடு, சிரிப்பு மட்டும் கொஞ்சம் கூடிப்போயிற்று, நான் அவ்வளவு சத்தமாகவா சிரிக்கிறேன் என்று கேட்டு, கேட்டவுடனே அதே சத்தத்தில் சிரித்தாள். பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மாதக் கடைசியில் நெய்யாற்றின்கரை நூலகத்தில் படத்தைப்பற்றி ஒரு கலந்துரையாடல் வைத்தார்கள். நூலகச் செயலாளர் தங்கப்பன் ரிட்டயர்டு தாலுகா ஆபீஸ்காரர், நல்ல ரசிகர், படத்தை மூன்று தடவை பார்த்தவர். ஆர்யாவையும் வண்டி அனுப்பி வரவழைத்திருந்தார். மேடையில் அஜேஷும் ஜினுவும் ஆர்யாவும், ஓரத்தில் விமலகுமாரியும். ஆர்யாவை நேரில் கண்டதும் விமலகுமாரிக்கு நிறையச் சொல்ல வேண்டும்போல இருந்தது. வணக்கம் என்று மட்டும் சொன்னாள். ஆர்யாவும் கூச்சக்காரிதான். எழுத்தில் இருந்த வெட்டு ஒன்றும் நேரில் இல்லை.

தங்கப்பன் வரவேற்றுப் பேசும்போது மனம் நிறைந்து பாராட்டினார். நம்முடைய விமலகுமாரி இதில் நடிக்கவே இல்லை, நம் மண்ணின் பெண் எப்படியோ அப்படியே நின்றார், அதுதான் இந்தப் படத்தின் வெற்றி என்றார். கூட்டம் கைதட்டியது. விமலகுமாரி தலையைக் குனிந்துகொண்டாள். ஆர்யா மைக்கைக் கையில் எடுத்தாள், ஆனால் அவள் தொடங்கும் முன் மூன்றாவது வரிசையில் சத்தியபாய் எழுந்துவிட்டாள்.

"சாறே, ஒரு காரியம். அவ நடிச்சது எனக்க மாதிரியாக்கும். இவளுக்கு என்னக் கண்டு படிக்க மூணு மாசம் ஆச்சு. நம்பல்லன்னா இப்பம் செய்து காட்டச் செல்லுங்க."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. தங்கப்பனும் சிரித்து, செய்யலாமே என்று விமலகுமாரியைப் பார்த்தார். அவர் அவளை இக்கட்டில் மாட்ட நினைக்கவில்லை, ஆசையாகத்தான் கேட்டார். விமலகுமாரி மைக்கை வாங்கவில்லை. எழுந்து நாற்காலியை இரண்டடி முன்னால் இழுத்துப் போட்டாள். வழக்கமான அந்த முகத்தோடுதான் நடந்து வந்தாள், லேப்பில் எல்லோரும் பார்க்கிற முகம். உட்காரும்போது சேலையை ஒதுக்கினாள். அந்த ஒதுக்கலிலேயே ஆள் மாறிவிட்டாள். முதுகு அகன்றது, கழுத்து உயர்ந்தது, கண்ணில் ஒரு குறும்பு ஏறியது. காற்றில் ஒரு தட்டு தட்டி, "வண்டிக்கு நொந்துபோச்சு சாறே," என்று தங்கப்பனைப் பார்த்துச் சொல்லிவிட்டு டெய்சி சிரித்தாள். அறை முழுக்கச் சிரித்தது. சிரிப்பின் உச்சியில், குழாயை அடைத்த மாதிரி அவள் அதை நிறுத்தினாள். நாற்காலியில் விமலகுமாரி இருந்தாள், கையை மடியில் வைத்துக்கொண்டு, பேசாமல்.

கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அறையில் ஒருத்தி இருந்துவிட்டு எழுந்துபோன மாதிரி இருந்தது என்று தங்கப்பன் பிறகு பலரிடம் சொன்னார். அவர்தான் முதலில் கைதட்டியதும். தான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன் என்று மைக்கில் சொல்லி, அதையும் ஒரு பாராட்டாகவே முடித்தார். ஆர்யா தன் முறை வந்தபோது அதிகம் பேசவில்லை. தான் எழுதியதில் ஒரு பிழை உண்டு என்றாள். அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் நடிப்பு என்று எழுதியிருந்தேன், சிரிப்பும் நடிப்புதான் என்பதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்றாள். கீழே இறங்கியதும் விமலகுமாரியிடம் வராமல் நேரே சத்தியபாயிடம் போய் அறிமுகம் செய்துகொண்டாள். இருவரும் பிரதான சாலை வரை பேசிக்கொண்டே நடந்தார்கள். சத்தியபாய் அவளிடம் என்ன சொன்னாள் என்று விமலகுமாரி கேட்கவில்லை. ஆர்யாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது மட்டும் பிறகு தெரியவந்தது.

படம் தெற்கே ஒரு மாதத்துக்குமேல் ஓடியது. பிறகு ஓடிடியில் வந்து, சப்டைட்டிலோடு எங்கெங்கோ இருந்தவர்கள் பார்த்தார்கள். வருஷக் கடைசியில் சிறந்த நடிப்புகளைப்பற்றி எழுதியவர்களில் பலர் அவள் பெயரைச் சேர்த்தார்கள். வாழ்ந்திருக்கிறார் என்று எழுதியவர்களும் இன்னும் உண்டு. லிஷா இப்போது அதை வாசித்தால் விமலகுமாரிக்குக் கோபம் வருவதில்லை. இப்படியும் சொல்லலாம் போல என்று விட்டுவிடுகிறாள்.

வாய்ப்புகள் வந்தன. வாயாடி மாமியார், வாயாடிப் பக்கத்து வீட்டுக்காரி, வாயாடி மீன்காரி. ஒவ்வொன்றையும் மரியாதையாக மறுத்தாள். வருகிற வேலையை ஏன் விடுகிறாய் என்று விஜயதாஸ் கேட்டதற்கு, டெய்சியை ஒரு தடவை செய்தாயிற்று என்றாள். கடைசியில் ஒரு இயக்குநர், கோர்ட்டில் நின்று பொய்ச்சாட்சி சொல்கிற ஒரு பெண்ணின் வேஷத்தோடு வந்தார். படம் முழுக்க அவள் பொய்தான் சொல்கிறாள். பார்க்கிறவர்கள் கடைசிவரை நம்ப வேண்டும். அதை மட்டும் விமலகுமாரி அன்றைக்கே ஒத்துக்கொண்டாள்.

படப்பிடிப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. லேப்பில் அரை நாள் லீவு கிடைக்கிற நாளெல்லாம் காலையில் பஸ் ஏறி நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்குப் போகிறாள். கடைசி பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முதல் நாள் ஒரு வக்கீல் வந்து எந்தக் கேஸ் என்று கேட்டார். கேஸ் ஒன்றும் இல்லை, பார்க்க வந்தேன் என்றாள். போன வாரம் ஒரு பெண் கூண்டில் ஏறினாள். அதே ஊர்ப் பேச்சு, அதே வயது. குறுக்கு விசாரணையில் வக்கீல் குரலை உயர்த்தும்போதெல்லாம் அவள் குரல் தாழ்ந்துகொண்டே போனது. அவள் சொன்னது பொய்யா நிஜமா என்று விமலகுமாரிக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கேஸைத் தள்ளிவைத்து எல்லோரும் எழுந்தபோது, அந்தப் பெண் திரும்ப எப்போது வருவாள் என்று வராந்தாவில் நின்ற குமாஸ்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மத்தியான வேலைக்குப் பஸ் பிடிக்கப் போனாள்.